மேல்வீட்டுக்காரர்

கிராம சேவகரின் பதிவேட்டில் எங்கள் வீட்டில் நாலு பேர். ஐந்தாவது ஆள் பலகைச் சீலிங்குக்கு மேலே இருக்கிறார். சாரைப் பாம்பு. வாக்குரிமை இல்லை, கரண்ட் பில்லில் பங்கு இல்லை. மற்றபடி வீட்டில் அவருக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை. நான் விடிய விடிய இருமினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே அவர் ஒருதரம் புரண்டு படுத்தால் மொத்தக் குடும்பமும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் குவாட்டர்ஸ் இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டியது. தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவு இடம். பகலில் தகரம் சூடாகும். இரவில் புகைபோக்கியைச் சுற்றி இளஞ்சூடு தங்கும். எலிக்குக் குறைவே கிடையாது. உடம்புச் சூட்டுக்கு வெளியை நம்பிப் பிழைக்கிற பிராணிக்கு, நாலாயிரம் அடி உயரத்தில் இதைவிட வசதியான வீடு அமையாது. ஜனவரி மாத இரவுகளில் நானே மேலே குடிபோகலாமா என்று யோசித்ததுண்டு.

நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆகவே பாம்புக்குப் பயப்படக் கூடாது என்று வீட்டில் ஏகமனதான தீர்மானம். "நீங்கதானே சயன்ஸ் சேர், ஏறிப் பாருங்க" என்று மனைவி டோர்ச்சைக் கையில் திணித்தாள். மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் நான். பலகையைத் தள்ளித் தலையை நீட்டினேன். மங்கிய பழுப்பு உடம்பு. வால் பக்கம் போகப் போகச் செதில் ஓரங்களில் கறுப்பு. உதட்டுச் செதில்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள். பெரிய உருண்டைக் கண்மணி. விஷமில்லாத சாரைக்கு உரிய அடையாளம் ஒன்றுவிடாமல் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. இதையெல்லாம் சரிபார்த்து முடித்தபோது நான் இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி இறங்கினேன் என்பதற்குச் சாட்சி கிடையாது. இருந்த ஒரே சாட்சியான நாற்காலிக்கு ஒரு கால் போய்விட்டது.

"தொரத்திட்டீங்களா?"

"தொரத்தக் கூடாது. அது நம்ம வளர்ப்புப் பாம்பு."

வெளியேற்ற முடியாததை வளர்க்கிறேன் என்று அறிவித்துவிடுவது என் நிர்வாகத்தின் அடிப்படைக் கொள்கை. கொல்லையில் மண்டிய காட்டுக்கு மூலிகைத் தோட்டம் என்று பெயர் வந்ததும் இப்படித்தான். காட்டுப் பிராணியை நினைத்தபடி பிடித்துக் கூட்டில் அடைக்க முடியாது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்தே இருக்கிறது. ஆனால் பாம்பு தன் இஷ்டத்துக்கு வந்து ஓர் ஆசிரியரின் தலைக்குமேல் படுத்துக்கொண்டால் யார் யாரை வளர்ப்பதாக அர்த்தம் என்பது அந்தச் சட்டத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. "அது எலி பிடிக்குது" என்று அதன் சார்பில் வாதாடினேன். "அது எலியாவது பிடிக்குது" என்றாள் மனைவி. அந்த 'ஆவது' யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சேதி லயத்துக்குப் போக ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் போதும். சாயந்தரம் இஸ்தோப்பில் மாநாடு. பக்கத்து வீட்டு அப்பாயிதான் தலைமை. "சேர், சாரை ஆம்பள, நாகம் பொம்பள. ஆம்பள ஒங்க வீட்டுல இருந்தா பொம்பள தேடி வராதா?"

விளக்கினேன். சாரை வேறு இனம், நாகம் வேறு இனம். சாரைக்குச் சாரையிலேயே பெண் கிடைக்கும். சம்பந்தம் வெளியே போக வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு சாரை பின்னிப் பிணைந்து எழும்பி ஆடும்போது நாம் தம்பதி என்று கும்பிட்டு, மேலே வெள்ளைத் துணி போட்டு எடுத்துவைக்கிறோமே, அது பெரும்பாலும் இரண்டு ஆண்கள் போடுகிற மல்யுத்தம். நாம் துணி போர்த்துவது பங்காளிச் சண்டைக்கு.

அப்பாயி முகம் வெளிறியது. "பங்காளியா? அப்ப இன்னொன்னும் இருக்குதா?"

அன்றிரவுக்குள் தோட்டத்தில் எங்கள் வீட்டுப் பாம்புகளின் தொகை இரண்டானது.

கணக்கப்பிள்ளை தன் மாட்டின் வழக்கைக் கொண்டுவந்தார். பால் குறைந்துவிட்டது; சாரை பசுவின் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டு மடியில் வாய் வைக்கிறதாம். பால் உறிஞ்ச உதடும் கன்னமும் வேண்டும், பாம்புக்கு உள்ளது பின்னோக்கி வளைந்த பல், அது காம்பில் பட்டால் மாடு உதைக்கிற உதையில் பாம்பு பக்கத்துத் தோட்டத்தில்தான் விழும் என்றேன். யாரும் மசியவில்லை. என் மனைவிதான் காப்பாற்றினாள். "பால் கொறஞ்சதுக்குச் சாரைன்னா, பால்ல தண்ணி கூடினதுக்கு யாருங்க?" மாட்டு வழக்கு அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

பிறகு சாரை தன் வாலை மாட்டின் மூக்கில் விட்டுக் கொல்வது வந்தது. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துவது வந்தது. கொம்பேறிமூக்கன் வந்தது. ஆளைக் கடித்துவிட்டு மரத்தின் உச்சியில் ஏறி, சுடலையில் புகை எழும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் இறங்குமாம். அது மனிதனுக்குத் தீங்கில்லாத, பல்லி தவளை பிடித்துத் தின்கிற மெலிந்த மரப்பாம்பு. ஆனாலும் அந்தக் கதையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. இழவு வீட்டில் கடைசிவரை இருந்துவிட்டுப் போகிற பொறுப்பு என் சொந்தக்காரரில் பாதிப் பேருக்கு இல்லை. பாம்பு பழி வாங்கும் என்றார்கள். ஆதாரம் கேட்டேன். 1979இல் வந்த 'நீயா?' படத்தைச் சொன்னார்கள். ஸ்ரீபிரியா நாகமாக வந்து ஒவ்வொருவராகத் தேடிப்போய்த் தீர்க்கிறாரே, அது போதாதா? போதும். நானும் பார்த்துவிட்டு ஒரு வாரம் பாயைத் தட்டித் தட்டிப் படுத்தவன்தான்.

இந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து மருமகன், என் அக்கா மகன், வீடியோ கோல் எடுத்தான். கழுத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மாலை. மாலை தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது.

"சோளப் பாம்பு, மாமா. அமெரிக்கச் சாதி. விஷம் இல்ல. கூண்ட மட்டும் நல்லாப் பூட்டணும், தப்பி ஓடுறதுல கெட்டி."

அவன் நாட்டில் நாகம், விரியன் மாதிரி ஆபத்தானதை வீட்டில் வைக்கத்தான் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி சபையில் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். இதற்கு ஒன்றும் தேவையில்லை. பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு எலி போட்டால் போதும், குரைக்காது, நடக்கக் கூட்டிப்போக வேண்டியதில்லை என்று அடுக்கினான். நான் பெருமையோடு போனை மாநாட்டுக்குக் காட்டினேன். அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "சாப்பாட்டப் பாருங்க" என்று ஃப்ரீசரைத் திறந்தான். பொலித்தீன் பையில் வெள்ளை எலிகள், கால்களை மடக்கி வரிசையாக, உறைபனி படிந்து. அடுத்த தட்டில் மீன் கட்லட். "இனி அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்றாள் மனைவி. அவள் லண்டன் போனதில்லை, போக விசாவும் கேட்டதில்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

அவன் போனை வைத்ததும், மாநாட்டில் ஓர் இளைஞன் தன் போனை எடுத்தான். வாட்ஸ்அப்பில் உலகம் சுற்றுகிற கதை. ஒரு பெண் மலைப்பாம்பு வளர்த்தாளாம். அது சாப்பாட்டை நிறுத்திவிட்டு இரவில் அவள் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்ததாம். மிருக வைத்தியர் சொன்னாராம்: "அது உங்களை அளந்து பார்க்கிறது."

இது கட்டுக்கதை. மலைப்பாம்பு பதுங்கியிருந்து பாய்கிற பிராணி. அளவெடுத்துக்கொண்டு படுத்திருந்தால் இரை எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். மனிதனை விழுங்கத் தோள்பட்டை விடாது. வீட்டில் வளர்க்கிற சிறு பாம்புகளுக்கு நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் விஞ்ஞான ஆசிரியன் உண்மையை மறைக்கலாமா? 2017இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஏழு மீற்றர் நீளக் காட்டு மலைப்பாம்பு ஓர் ஆளை விழுங்கியது நிஜம், மிக மிக அபூர்வம், அவர் செம்பனைத் தோட்டத்தில் வேலைக்குப் போனவர் என்று நேர்மையாகச் சொல்லிவைத்தேன். மிக மிக அபூர்வம் என்பது யார் காதிலும் விழவில்லை. தோட்டத்து ஆள் என்பது எல்லார் காதிலும் விழுந்தது.

இரவு விளக்கை அணைத்த பிறகு மனைவி கேட்டாள். "மேல அது சுருண்டு படுக்குதா, நீட்டிப் படுக்குதா?"

"தூங்கு."

நான் முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு படுத்தேன். குளிருக்காகத்தான்.

விரட்டுகிற வைத்தியங்களும் நடந்தன. வெள்ளைப்பூண்டுத் தண்ணீர், மண்ணெண்ணெய், உப்பு. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை மலை ஏறியபோது, குளியலறைப் பக்கம் வந்த ஒரு பாம்புக்காக வீட்டைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தவர்கள் நாங்கள். அந்த மாதம் எங்கள் பருப்பு வெள்ளையாக வெந்தது. பாம்பு மஞ்சள் குளித்துவிட்டுப் போனது. இந்தச் சாமான்கள் எதற்கும் பாம்பு விலகி ஓடுவதில்லை. எலி வராமல் பார்த்து, ஓட்டைகளை அடைத்தால் ஓரளவு பலன் உண்டு. ஓட்டை அடைப்பது என் வேலை என்பதால் அந்த முறையை இன்னும் பரீட்சிக்கவில்லை.

அத்தனை பாம்பு வந்துபோன மாநாட்டில் பெயரே அடிபடாத ஒன்று உண்டு. சிங்களத்தில் குணகட்டுவா. ஒரு முழம் தேறாது. சருகு நிறம், முக்கோணத் தலை, மேலே தூக்கிய மூக்கு நுனி. சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். மிதித்தால் கடிக்கும். கடித்த இடம் வீங்கி வலிக்கும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். எப்போதாவது உயிரும் போகும். நம் வைத்தியசாலைகளில் உள்ள விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்று நாலு பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாரிப்பது. குணகட்டுவாவுக்கு அது கேட்காது. கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு விறகு கட்டுகிற பெண்கள் இது படுத்திருக்கும் சருகுக்குள்தான் கையை விடுகிறார்கள். தேயிலைச் செடிமேலேயே இருக்கும் பச்சை விரியனும் கொழுந்து எடுக்கிற விரலைத்தான் பார்க்கும். இவற்றைப் பற்றி ஒரு கதை கிடையாது, ஒரு படம் கிடையாது. ஏழடிச் சாரைக்குக் கூடுகிற கூட்டம் ஒரு முழத்துக்குக் கூடுவதில்லை. நம் பயம் எல்லாம் நீளத்துக்குத்தான்.

நீளம் இல்லாத அப்பாவிகளுக்கும் நல்ல காலம் இல்லை. முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறும்போது உள்ளிருந்து புரளுமே, வால் மொட்டையாக, தலை எது வால் எது என்று தெரியாமல், இருதலைப் பாம்பு என்று சொல்லி மண்வெட்டியால் வெட்டிப் போடுவோமே, அது மண்புழு தின்று மண்ணுக்குள்ளேயே காலம் தள்ளுகிற பிராணி. அவற்றில் பல வகை இலங்கை மண்ணைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஃபிராங்க் வோல் என்ற இராணுவ வைத்தியர் 1921இல் இலங்கைப் பாம்புகளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் போட்டார். நூறு வருஷம் கழித்தும் நம் கையில் மண்வெட்டிதான்.

இலங்கையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடி படுகிறார்கள் என்று 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. விஷம் ஏறுவது அதில் 30,000 பேருக்கு; உயிர் போவது 464 பேருக்கு. அதிகமும் உலர்வலயத்து வயல்காரர்கள். இது சின்னத் தொகை என்று நான் சொல்லவில்லை. எங்கள் மலையில் டர்பன்டைன் மரக்கிளையில் தொங்குகிற குளவிக்கூட்டைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். குளவி கொட்டி இத்தனை பேர் கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் என்ற செய்தி மலையகப் பக்கத்தில் வராத மாதம் அபூர்வம். அதில் செத்தவர்களும் உண்டு. அப்பாயியே ஒருதரம் முகம் வீங்கிப் படுத்துக் கிடந்தவர். அந்தக் கூட்டின் கீழேதான் மாநாடு முடிந்து எல்லாரும் சாவகாசமாகக் கதைத்துக்கொண்டு நடந்து போனார்கள்.

போன வாரம் சீலிங் இடுக்கிலிருந்து ஒரு பாம்புச் சட்டை தொங்கியது. உள்ளே ஆள் இல்லை என்பதால் தைரியமாகத் தொட்டேன். உதட்டில் ஆரம்பித்து, கால்மேஸைக் கழற்றுகிற மாதிரி உள்புறம் வெளியே வரக் கழற்றியிருந்தது. கண் இருந்த இடத்தில்கூட இரண்டு சின்னக் கண்ணாடி வில்லைகள், வெடிப்பில்லாமல். மகனைப் பிடிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்தேன். ஏழரை அடி. உரிக்கும்போது தோல் இழுபட்டு நீளும், ஆள் இதைவிடக் குட்டை என்று கூடியிருந்தவர்களுக்குச் சொன்னேன். கடைச் சந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது அது பன்னிரண்டடியாகியிருந்தது.

அப்பாயி மட்டும் தயங்கித் தயங்கி நின்றார். "சேர், ஒரு துண்டு தாங்க. பர்சுல வச்சா காசு சேரும்."

மூடநம்பிக்கையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். மிச்சம் எட்டாம் வகுப்புக்கு. அதில் விரலகலம் மட்டும் என் பர்சில் இருக்கிறது. மாதிரி எடுத்து வைப்பது விஞ்ஞான முறைதானே. சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள். இப்போதைக்கு பர்சில் இருப்பது அது ஒன்றுதான்.