கண்மாய் ஏலம்

மலையடிவாரத்துச் சேத்தூர் ஜமீனில் கண்மாய்க்கு ஒரே முதலாளி. மடை தூர்ந்தாலும் கரை உடைந்தாலும் யாரைத் திட்டுவது என்று குடியானவனுக்குத் தெரியும். 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போனது. கண்மாய் இனி மக்கள் சொத்து என்றார்கள். கைதட்டினோம்.

இன்று ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் எந்தக் கண்மாய்க் கரையிலாவது ஏறி நின்று மக்களைத் தேடுங்கள். மீன் ஏலம் எடுத்தவர் இருப்பார். பயிர் காய்ந்தால் அவருக்கென்ன, தண்ணீர் வற்றினால்தானே மீன் அள்ளலாம். விவசாயி பெயரில் வண்டல் மண்ணுக்குச் சீட்டு வாங்கியவர் இருப்பார். விவசாயி வயல் எங்கே என்று லாரிக்குத் தெரியாது; செங்கல் சூளைக்கு வழி தெரியும். உள்வாயில் தென்னை வைத்தவர் இருப்பார். வரத்துக் கால்வாயில் வீடு கட்டியவரும் இருப்பார், மின் இணைப்போடு. தனியார்மயம் வருகிறது என்று கொடி பிடிக்கிறோம். இங்கே வந்து, பங்கு பிரித்து, பந்தியும் முடிந்துவிட்டது.

துறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எல்லைக்கு வருவாய்த்துறை. மண்ணுக்குக் கனிமவளத்துறை. கரையில் கசிவு என்று சொல்லப் போனால் ஒவ்வொருவரும் அடுத்த கட்டடத்தைக் கைகாட்டுவார்கள். எலி வளையிலும் கருவேல வேர் துளைத்த வழியிலும் நூலாய்க் கசியும் தண்ணீர், மண்ணை அரித்து அரித்து வாய்க்காலாகும். அதற்கு எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை.

உடையும் கரையைக் காக்க ஊராரைக் கட்டாயமாக இறக்கலாம் என்று வெள்ளைக்காரன் 1858இல் சட்டம் போட்டான். கொடுமைதான். நம்மவர்கள் நாகரிகமானவர்கள். 2017இல் குடிமராமத்து என்று பழைய பெயரைத் தூசி தட்டி, 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை அறிவித்தார்கள். விவசாயிகள் பங்கு 10 சதவீதம். மீதி 90 சதவீதத்தில் யார் யாருக்கு எவ்வளவு என்று கேட்பது நாகரிகமல்ல.

ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே சட்டம் உண்டு. ஆக்கிரமித்தவன் ஏழையாக இருந்தால் அது ஓடோடி வரும். பணக்காரன் என்றால் நோட்டீஸ் மட்டும் வரும். அரசே ஆக்கிரமித்தால் அதற்குப் பெயர் வளர்ச்சி. நீரின் அருமையைச் சொன்ன வள்ளுவருக்கு, நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் கோட்டம் எழுப்பி மரியாதை செய்த மாநிலம் இது.

ஐப்பசியில் மழை வரும். கரை உடையும். மீனுக்கு ஏலதாரர் உண்டு, மண்ணுக்குச் சீட்டுதாரர் உண்டு, உள்வாய்க்குப் பட்டாதாரர் உண்டு. உடைப்பை மட்டும் ஏலம் கேட்க ஆளிருக்காது. அது ஒன்றுதான் அப்பழுக்கில்லாத பொதுச்சொத்து. நமக்கே நமக்கு. வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். நடுராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வந்து சேரும்.