லோடர் வாங்கப்போகிறவர்

வல்லக்கோட்டையில் குடியிருந்து, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் ஃபிலிம் கேமராக்காரர் ஒரு தனி ஜாதி. பல்க் லோடர் வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், வாங்கமாட்டார். லோடர் எதற்கு என்று கேட்டால், சிக்கனம் என்பார். நூறடி ஃபிலிம் சுருள் ஒன்றை வாங்கி, அந்த டப்பாவில் போட்டு, வீட்டிலேயே கேசட்டில் சுற்றினால், 36 படம் எடுக்கும் ரோல் 18 தேறும், கடை ரோலைவிட மலிவு என்று விரல் மடக்குவார். கணக்கு சரிதான். ஆனால் 18 ரோல் என்றால் 648 படம். ஆடிக் கிருத்திகைக்குப் போட்ட ரோலைத் தை பிறந்தும் முடிக்காதவருக்கு அது எத்தனை வருஷத்துச் சரக்கு? அவரை ஆட்டுவிப்பது சிக்கனமும் இல்லை, புகைப்படமும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து அவரோடு கம்பெனி பஸ்ஸில் ஏறி வீடுவரை வந்துவிடும் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட்தான் என்பது என் கட்சி.

அத்தாட்சி, லோடர்களை ஒப்பிட அவர் போட்டிருக்கும் எக்செல் தாளில் இருக்கிறது. லாய்ட்ஸ் மாதிரியில் வெளிச்சத்தைத் தடுப்பது ஃபெல்ட் துணி. ஃபிலிம் அதை உரசிக்கொண்டே வரும். துணியில் ஒரு மணல்துகள் ஒட்டியிருந்தால் போதும், ரோல் முழுக்க ஒரே கோடு. வாட்சன் மாதிரியில் உரசல் கிடையாது, ஃபிலிம் வெளிவரும் வாயிலே திறந்து மூடும். மூட மறந்து கதவைத் திறந்தால் மிச்சச் சுருளுக்கும் சேர்த்துக் காரியம்தான். ஆகவே முதலாவதற்குச் சிவப்பு, இரண்டாவதற்கு மஞ்சள். பச்சைக்கு இன்னும் யாரும் பிறக்கவில்லை. “ஏங்க, அந்த டப்பா வந்துச்சா?” என்று வீட்டில் கேட்டால், “கம்பேர் பண்ணிட்டிருக்கேம்மா” என்பார்.

தூசி நிஜமான எதிரிதானே என்று அவர் பக்கம் பேசலாம். நியாயம்தான். 1960-இல் நிறுவப்பட்டு ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் விற்ற ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் அமைந்ததற்கு அங்கிருந்த தூசியற்ற காற்றும் ஒரு காரணம். புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் புழுதி கிளப்பும் ஒரகடம் சாலைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் ஃபெல்ட்டை ஊதித் துடைத்து, லோடரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது அரை நிமிஷ வேலை. தினமும் நூறு பாகங்களைத் துடைத்துப் பார்த்து அனுப்புகிறவருக்கு இது தெரியாதா?

தெரியும். அவர் தொண்டையில் நிற்கிற முள் வேறு. எந்த லோடரானாலும் ஃபிலிமின் நுனியைக் கேசட்டின் அச்சில் வெளிச்சத்தில் வைத்துத்தான் டேப் போட்டு ஒட்டவேண்டும். அந்தச் சில சென்டிமீட்டர் வெளிச்சம் பட்டுக் கெட்டது கெட்டதுதான். கடைசிப் படம் அதில் விழுந்தால் போச்சு. 36-க்கு ஒன்று என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று கழிவு. பத்து லட்சத்தில் எத்தனை பழுது என்று எண்ணிச் சம்பளம் வாங்குகிறவர், கைப்பிடியை இரண்டு சுற்று கூடச் சுற்றிவிட்டால் தீரும் இந்தக் குறையை எப்படி மன்னிப்பார்?

வாங்காமல் இருந்தால் காசாவது மிச்சம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதுவும் இல்லை. முடிவாகும்வரை கடை ரோலைத்தான் முழு விலைக்கு வாங்குகிறார். லோடர் வராத அந்த வீட்டில் காலி கேசட் இருபது வந்திறங்கி, ஒவ்வொன்றிலும் பேட்ச் நம்பர் ஒட்டியாகிவிட்டது.