அப்பா அடிக்கும் குட்டிக்கரணம்

புதுப்பேட்டையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கிறவர்கள் ஆளைப் பார்த்ததுமே என்ன வண்டி, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். அவர்களையும் ஒரு நாள் திகைக்க வைத்தவர் எங்கள் சிந்தாதிரிப்பேட்டை ஜிம்னாஸ்டிக்ஸ் அப்பா.

“ஸ்கூட்டர் ஸ்பிரிங் வேணும்.”

“இன்னா வண்டி சார்? லாம்பியா, பஜாஜா?”

“வண்டிக்கு இல்லப்பா, குதிக்கறதுக்கு.”

“வண்டி குதிக்கக் கூடாதுன்னுதான் சார் இத்த மாட்றதே!”

கடைக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து விளக்கம் சொன்னார். அகர்தலாவில் தீபா கர்மாகர் என்று ஒரு பெண். வால்ட் என்னும் தாவல் பழக நல்ல சாதனம் இல்லாத காலத்தில் அவருடைய கோச் பிஸ்வேஸ்வர் நந்தி பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்து ஏதோ ஒப்பேற்றிக் கொடுத்தாராம். அதில் குதித்துக் குதித்துத்தான் அந்தப் பெண் 2016இல் ரியோ ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போனார். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. “அகர்தலாவுல ஸ்கூட்டருக்கு எங்க போனாங்களோ! நமக்குக் கூவத்தத் தாண்டினா ஸ்பேர் பார்ட்ஸ் கடல். இங்கேர்ந்து இன்னும் ஒரு பொண்ணு வரலைன்னா யார் தப்பு?” கடைக்காரர் தன் தப்பாக இருக்குமோ என்று யோசித்தபடியே 2 ஸ்பிரிங்கை விலை குறைத்துக் கொடுத்தார்.

அந்த ஸ்பிரிங்குகள் இன்றைக்கும் மொட்டை மாடியில் தண்ணீர் டாங்குக்கு அடியில் கிடக்கின்றன. மகளுடைய கோச் பார்த்துவிட்டு, “சார், நீங்க எதுவும் செய்ய வேணாம்” என்று சொல்லிவிட்டார். எதுவும் செய்யாமலிருப்பதுதான் ஜிம்னாஸ்டிக்ஸ் அப்பாவுக்கு உடம்பில் வராத ஒரே பயிற்சி.

இவர் எல்.ஐ.சி. ஏஜெண்ட். அண்ணா சாலை 14 மாடிக் கட்டடத்துக்கு வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். உலகத்தில் எந்த நேரத்தில் யாருக்கு என்ன விபத்து நேரும் என்பதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிச் சம்பாதிக்கும் மனிதர். பெற்ற மகளை ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், பீம் என்கிற 10 சென்டிமீட்டர் அகலக் கட்டையின்மேல் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்க வைத்து வேடிக்கை பார்க்கிறார். கேட்டால், “கீழ மேட் இருக்கு” என்பார்.

எல்லாம் 2016 ஆகஸ்ட் 14 ராத்திரி ஆரம்பித்தது. அன்று வால்ட் இறுதிப் போட்டியில் தீபாவுக்கு 15.066. வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்துப் பெண்ணுக்கு 15.216. நான்காம் இடம். மறுநாள் சுதந்திர தினம், தேசமே 0.150 என்ற எண்ணோடு கொடியேற்றியது. அந்த நேரத்தில் இவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது 2 வயசுப் பாப்பா. தூக்கத்தில் காலைத் தூக்கி அப்பா மூக்கில் ஒரு உதை விட்டது. கால்விரல் நுனி நேராக நீட்டியிருந்ததை அவர் கவனித்தார். மற்ற அப்பாக்கள் மூக்கைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

அன்றிலிருந்து அவருடைய காலண்டர் வேறு. பெண்கள் பிரிவில் ஒலிம்பிக்ஸில் இறங்க அந்த வருஷத்துக்குள் 16 வயது ஆக வேண்டும். ஆகவே 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் தேறாது. 2032 பிரிஸ்பேனில் பாப்பாவுக்கு 18, சரியான வயது. பெண்ணின் கல்யாணத்துக்கு என்று பாலிசி போடுகிற ஊரில், பிரிஸ்பேனுக்கு விமான டிக்கெட் எடுக்க 2032இல் முதிர்ச்சியடையும் பாலிசி போட்டிருக்கும் ஏஜெண்ட் இவர் ஒருவர்தான். ரியோவுக்குப் பிறகு தீபாவுக்கு ஒரு பி.எம்.டபிள்யூ. கார் பரிசாக வந்து, அகர்தலா சாலைக்கும் சர்வீஸுக்கும் ஒத்துவராது என்று அதைத் திருப்பிக் கொடுத்த கதையையும் படித்திருக்கிறார். படித்த அன்றே டேப் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவை அளந்தார். “நுழையாது. நாம பணமாவே கேட்டுடணும்.”

தெருவைச் சொன்னதால் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். சிந்தாதிரிப்பேட்டை 1730களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடிவைக்க உண்டாக்கிய பேட்டை. தறி போட இடம் பார்த்தவர்கள் பீம் போட இடம் விடவில்லை. பீமின் நீளம் 5 மீட்டர். ஹாலில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை பெயின்டில் கோடு போட ஆரம்பித்தார். ஹால் முடிந்துபோய் கோடு சமையலறைக்குள் நுழைந்து கேஸ் சிலிண்டரில் முட்டி நின்றது. பாப்பா இந்தக் கோட்டின்மேல் நடந்து பழகி, கடைசியில் சிலிண்டருக்கு முன்னால் ஒரு சலாம் வைத்துத் திரும்புவாள். ரயில்வே கிராஸிங்கில் நிற்பதுபோல வீட்டில் எல்லோரும் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்று, அவள் போன பிறகுதான் அந்தப்பக்கம் போவார்கள்.

பாட்டி மட்டும் நிற்க மாட்டார். காபி டம்ளரோடு கோட்டின்மேலேயே நேராக நடந்து வருவார், ஒரு பிசகும் இல்லாமல். “ரெண்டு கொடம் இடுப்புல, ஒண்ணு தலையில வச்சிக்கினு அடிபம்புலேர்ந்து மூணு மாடி ஏறியிருக்கேன். எனக்கு எவன்டா மார்க்கு போட்டான்?”

மார்க்கு போடுவதில்தான் இவர் பெரிய பண்டிதர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் நாடியா கொமனச்சி முழுசாக 10 வாங்கியபோது, போர்டில் 10 காட்ட வசதியில்லாமல் 1.00 என்று காட்டிய சம்பவத்தை அவரிடம் கேட்காத ஆட்டோக்காரர் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டாண்டில் கிடையாது. அந்தப் பழைய பத்துக்குப் பத்து முறை 2006இல் போய்விட்டது. இப்போது இரண்டு கணக்கு. எவ்வளவு கஷ்டமான வித்தை என்று பூஜ்யத்திலிருந்து கூட்டிக்கொண்டே போவது ஒன்று. எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்று 10இலிருந்து கழித்துக்கொண்டே வருவது இன்னொன்று. முழங்கால் மடங்கினால் கழிவு. இறங்கும்போது சின்னதாக ஓர் அடி நகர்ந்தால் 0.1, பெரிய அடி என்றால் அதற்கு மேல். விழுந்தால் முழுசாக 1.

கூட்டுகிற கணக்கு அவருக்குப் பாப்பாவிடம் மட்டும்தான். கழிக்கிற கணக்கு ஊருக்கெல்லாம். கல்யாண வீட்டில் அம்மியை மிதிக்க மணப்பெண் காலைத் தூக்கினால், “முட்டி மடங்குது” என்று முணுமுணுப்பார். பந்தியில் சாம்பார் வாளியோடு திரும்பின பையன் தடுமாறிச் சமாளித்தபோது, “0.3, ஆனா விழலை” என்று மனமாரப் பாராட்டினார். மனைவி கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போனால் பின்னாலேயே போய் என்னவென்று கேட்பதற்கு முன், லேண்டிங் சுத்தமாக இருந்ததாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டார். அது சமாதானத்துக்கு உதவியதில்லை.

அந்த அம்மாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காலை நாலரைக்கு எழுந்து டிபன் கட்டுவது, லியோடார்டில் உதிர்ந்த மணிகளைத் திரும்பக் கோப்பது, கணுக்காலுக்கு ஐஸ் கட்டுவது, கணக்குப் பாடத்தில் எங்கே விட்டுப்போனது என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அப்பாவின் வேலை பெருமைப்படுவதும் பதறுவதும். 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரைக்கும் பறக்கும் ரயில் கடற்கரைக்குப் போகாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டதே, அந்த மாதங்களில் பாப்பாவைப் பெரியமேட்டுப் பயிற்சிக்குப் பின்சீட்டில் வைத்து ஸ்கூட்டி ஓட்டியதும் அம்மாதான். “நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம் சார்” என்று சொன்னது அப்பா.

உறவுக்காரர்களைச் சமாளிப்பதும் அம்மாள் பொறுப்பு. “ஜிம்முக்கா அனுப்புறீங்க? பொம்பளப் பிள்ளைக்குக் கை முறுக்கேறிடுமே” என்று ஒரு சித்தி. “சர்க்கஸா?” என்று ஒரு மாமா. கடைசியில் எல்லோருக்கும் புரிகிற பதில் ஒன்றைக் கண்டுபிடித்தார்: “ஸ்போர்ட்ஸ் கோட்டா.” என்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டுக்கென்று 500 இடம் இருக்கிறது என்றதும் சித்தி அடுத்த வாரமே தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து, “இவனையும் கொஞ்சம் வளைச்சு விடுங்க” என்றார். பேரனுக்குக் குனிந்தால் கால் கட்டைவிரல் தெரியாது.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு இவரோடு சண்டை உண்டு. வளர்கிற பெண்ணின் தட்டில் வடையை எண்ணுவது ஒரு தகப்பன் செய்கிற வேலையா? நல்லவேளை, பாட்டி இருக்கிறார். அப்பா குளிக்கப் போகும் நேரம் பார்த்து நெய் உருகும். பாப்பா கச்சிதமாக விழுங்கிவிட்டுச் சிலிண்டருக்குச் சலாம் வைத்துவிடுவாள். கோச்சும் நன்றாகச் சாப்பிடத்தான் சொல்கிறார். பயிற்சி முடிந்து வரும் பிள்ளைக்குப் பசிக்காமல் யாருக்குப் பசிக்கும்?

பயிற்சிக்கூடத்து வாசல் பெஞ்சு தனி உலகம். அங்கே யாரும் உண்மை பேசுவதில்லை. “எங்க பொண்ணு இன்னும் கார்ட்வீல்தாங்க, ஒண்ணும் வரலை” என்று ஒரு அம்மா பெருமூச்சு விட்டால், அந்தப் பெண் நேற்று பாரில் புதிதாக ஏதோ கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். வயசு சர்டிபிகேட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சிலர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நம்மவர் போக மாட்டார். அந்த விஷயத்தில் மனிதர் சொக்கத் தங்கம். தவிர, விபத்துக் காப்பீடு விற்க இதைவிடப் பொருத்தமான பெஞ்சு சென்னையில் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அவருக்கு முன்னோர்கள் உண்டு. தீபாவின் அப்பா துலால் கர்மாகரே பளுதூக்குதல் கோச்; இருந்தும் மகளை நந்தியிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். இந்த ஒதுங்கி நின்ற பகுதியை மட்டும் நம்மவர் படித்ததாகத் தெரியவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போன பிரணதி நாயக்கின் அப்பா பஸ் ஓட்டியவர். ஹைதராபாத் அருணா ரெட்டியைக் கராத்தேயிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் திருப்பியவர் அவருடைய அப்பா. 2018இல் மெல்போர்ன் உலகக் கோப்பையில் மகள் வெண்கலம் வாங்கியபோது அவர் உயிரோடு இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் நம்மவர் கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை.

ஆனால் அவருடைய மானசீக குரு அமெரிக்காவில் இருக்கிறார். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் வீராங்கனை ஆலி ரைஸ்மன் பாரில் ஆடும்போது கேலரியில் அவருடைய அப்பாவும் அம்மாவும் மகள் எந்தப்பக்கம் வீசினாளோ அந்தப்பக்கமெல்லாம் சாய்ந்து, நெளிந்து, உட்கார்ந்த இடத்திலேயே முழு ஆட்டத்தையும் ஆடி முடித்த வீடியோ உலகம் சுற்றியது. அதைப் பார்த்த நம்மவர், “கன்ட்ரோல் பத்தாது” என்றார்.

அவருடைய கன்ட்ரோலைப் போன மாவட்டப் போட்டியில் பார்த்தேன். காலையில் ஜெல் தடவி, ஹேர்பின் குத்தி, பாப்பாவின் கொண்டை ஹெல்மெட் மாதிரி இறுகியிருந்தது. அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்; அவர் பீமைப் பார்ப்பதே இல்லை, சத்தத்தைக் கேட்டே தெரிந்துகொள்வார். அதிகபட்சம் ஒன்றரை நிமிஷ ஆட்டம். பாப்பா ஏறியதும் அப்பாவின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் நீண்டன. எனக்கும் மறுபக்கத்துப் பெரியவருக்கும் கழுத்து போயிற்று. அவள் காலை உயர்த்தினாள். முன்வரிசைக்காரரின் தொப்பி பறந்தது. அவள் பின்பக்கம் வளைந்தாள். இவர் பெஞ்சோடு சாய்ந்தார். ஒரு திருப்பத்தில் அவளுக்குக் கால் வழுக்கி மேட்டில் இறங்கிவிட்டாள். முழுசாக 1 போயிற்று. “ஐயோ” என்று எழுந்தவர் படியைத் தவறவிட்டு இரண்டு வரிசை கீழே போய்ச் சேர்ந்தார்.

பாப்பா மறுபடி ஏறி, மிச்சத்தை ஒழுங்காக ஆடி, கைகளை உயர்த்தி நடுவர்களுக்குச் சலாம் வைத்து, வெளியே வந்து கேட்டது ஒன்றுதான்: “அம்மா, பசிக்குது. போண்டா இருக்கா?” அப்பாவுக்குக் கணுக்கால் பிசகு. இரண்டு வாரம் காலைக் கீழே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாப்பாதான் அவருக்கு ஐஸ் கட்டிவிட்டாள்; எப்படிக் கட்ட வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் பேரில் விபத்துக் காப்பீடு எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிய வந்தது.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. அடுத்த போட்டிக்கும் வருகிறார். நீங்களும் பார்க்கப் போகிறவராக இருந்தால் கேலரியில் நல்ல இடமாக முன்வரிசை காலியாகக் கிடக்கிறதே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள். பின்னால் யார் இருக்கிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.