தலைக்கவசம் வலசை போதல்: ஓசூர்ச் சாலை குறித்து ஒரு திணையாய்வு

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு பைக்கில் வேலைக்குப் போகிறவர்களில் ஒரு சாராரின் தலைக்கவசம் காலையில் ஜூஜூவாடி வரை முழங்கையில் தொங்குகிறது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி நெருங்கியதும் தலைக்கு ஏறுகிறது. மாலையில் இதே நிகழ்வு எதிர்த்திசையில் நடைபெறுகிறது. நடுவில் ஆறில்லை, மலையில்லை. தட்பவெப்பம் ஒன்றுதான். மாநில எல்லையைக் கடக்கும்போது மண்டையோட்டின் கனம் குறைவதாக மருத்துவ நூல் எதுவும் சொல்லவில்லை. வேடந்தாங்கலில் நாரைகளை எண்ணும் அறிஞர்கள் இந்த வலசையை எண்ணாமல் விட்டது தமிழ் ஆய்வுலகுக்கு நேர்ந்த பெருங்குறை. அதை நீக்கவே இக்கட்டுரை.

இத்துறையின் முன்னாய்வுகள் பெரும்பாலும் டீக்கடைகளில் நிகழ்ந்தவை. அவற்றை இரண்டு பள்ளிகளாகப் பிரிக்கலாம். பெங்களூர்ப் பள்ளியின் கொள்கை: டிஎன் 70 என்ற ஓசூர் எண்ணைக் கண்டால் ஒதுங்கி வழிவிடு, அவர்கள் ஹாரனை நம்பிப் பிறந்தவர்கள். ஓசூர்ப் பள்ளியின் கொள்கை: சனி, ஞாயிறுகளில் கிருஷ்ணகிரி பக்கம் பறந்து வரும் கேஏ 51, கேஏ 01 எனும் பெங்களூர் வண்டிகளுக்கு ஸ்பீடோமீட்டர் என்பது வெறும் அலங்காரம். இரு பள்ளிகளும் ஒரே முடிவில் கைகுலுக்குகின்றன: “எல்லாம் ரத்தத்துல ஊறினதுங்க.” இந்த ரத்தக் கொள்கையை ஏற்பதற்கில்லை. ஜூஜூவாடியில் இருந்ததும் அத்திப்பள்ளியில் இருப்பதும் ஒரே ஆள், ஒரே பைக், டேங்க் மேல் ஒரே டிபன் பை. வழியில் யாரும் அவருக்கு ரத்தம் மாற்றவில்லை.

அபராதத் தொகைதான் காரணம் என்று சொல்லிப் பார்ப்போம். மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கர்நாடகம் சட்டென்று அபராதத்தை உயர்த்தியது. மக்கள் அலறியதும் அதே மாதத்தில் குறைத்தது. தலைக்கவசம் இல்லாவிட்டால் 500 ரூபாய் என்று ஆனது. தமிழ்நாடு பொறுத்திருந்து 2022 அக்டோபரில் உயர்த்தியது. அங்கே இதே குற்றத்துக்கு 1000 ரூபாய். தொகைதான் ஆளைத் திருத்துமென்றால் ஓசூரில் தலையிலும் பெங்களூரில் முழங்கையிலும் அல்லவா இருக்க வேண்டும்? களத்தில் நேரெதிராக இருக்கிறது. விலை அதிகமான ஊரில் துணிச்சல், மலிவான ஊரில் பணிவு. பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒருமுறை அத்திப்பள்ளி டோல் அருகே நின்று பார்ப்பது நல்லது.

உண்மையில் ஒரு பேராசிரியர் இதற்கு அருகில் வந்திருக்கிறார். கேரி பெக்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தத் தாமதமாகக் கிளம்பினார். காரைக் காசு கொடுத்து நிறுத்துமிடத்தில் விடுவதா, விதியை மீறித் தெருவில் விடுவதா என்று கணக்குப் போட்டார். அபராதம் எவ்வளவு, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தெருவிலேயே விட்டார், மாட்டவில்லை. அந்தச் சிந்தனை 1968இல் குற்றமும் தண்டனையும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையாயிற்று. 1992இல் நோபல் பரிசும் வந்தது. அதே கணக்கைப் பெங்களூர் பசவனகுடியின் காந்தி பஜாரில் நாள்தோறும் எத்தனையோ பேர் இன்னும் வேகமாகப் போடுகிறார்கள். பரிசுக் குழு பசவனகுடிப் பக்கம் வருவதில்லை, அவ்வளவுதான்.

பெக்கருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1764இல், இத்தாலியர் செசாரே பெக்காரியா எழுதிவிட்டார்: தண்டனை கடுமையாக இருப்பதைவிடத் தப்பாமல் வந்து சேர்வதே குற்றத்தைத் தடுக்கும். பெங்களூரில் அப்படி வந்து சேர்வது கேமரா வழியாக. 2022 டிசம்பரில் நகரின் 50 சந்திப்புகளில் தானியங்கிக் கண்காணிப்புக் கேமராக்கள் கண்விழித்தன. அவற்றுக்கு “சார், பக்கத்துலதான் போறேன்” என்று சொல்ல முடியாது. தமிழில் சொன்னாலும் கன்னடத்தில் சொன்னாலும் முடியாது. ஓசூரிலோ ஓரங்கட்டுபவர் பெரும்பாலும் மனிதர். அவர் எந்தத் திருப்பத்தில், எத்தனை மணிவரை நிற்பார் என்பது ஊரறிந்த செய்தி.

கேமராக் கொள்கைக்கு ஒரு துணை விதி உண்டு: கேமராவுக்குத் தெரிவது எதுவோ அதுமட்டுமே திருந்தும். பெங்களூர்க்காரர் சிவப்பு விளக்கில் கோட்டுக்கு உள்ளே சாதுவாக நிற்கிறார். கேமரா இல்லாத அடுத்த சந்தில் நடைபாதை மீது ஏறி, நடக்கிறவரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார். தலையில் கவசம் இருக்கிறது, ஆனால் அது காதுக்கு மேலேயே முடிந்துவிடும் அரைக் கவசம். சட்டத்தின் 129ஆம் பிரிவு கவசத்தை வாரால் இறுக்கிக் கட்டச் சொல்கிறது. வார் கன்னத்தோரம் காற்றில் ஆடுகிறது. எவ்வளவு உயரத்தில் கேமரா இருந்தாலும் கொக்கி தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

சாலையை நெறிப்படுத்துவது காவலரா, காவலரின் உருவமா என்ற கேள்விக்கும் இந்நகரமே பரிசோதனைக்கூடமாக இருந்தது. 2019 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை துணிக்கடைப் பொம்மைகளுக்கு வெள்ளைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி அணிவித்துச் சந்திப்புகளில் நிறுத்தியது. தூரத்தில் வருகிறவர் வேகம் குறைத்தார். பக்கத்தில் வந்ததும் செல்ஃபி எடுத்தார். பரிசோதனையின் குறை இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு: பொம்மைகளுக்கு நடுவே வாரத்தில் ஒருநாள் ஓர் உயிருள்ள காவலரை அசையாமல் நிற்கவைத்திருக்க வேண்டும். செல்ஃபிக்கு வந்தவர் கையில் அவர் ரசீதைக் கொடுத்திருந்தால் மற்ற ஆறு நாளும் பொம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இனித் திணை. ஓசூர்ச் சாலை முழுவதும் பாலை என்பார் பொதுமக்கள். சந்தாபுரா, பொம்மசந்திரா வரை அது சரி. நகருக்குள் வரும் சில்க் போர்டு சந்திப்பு பாலை அன்று, ஐயத்துக்கு இடமில்லாத முல்லை. சிறுபொழுது மாலை. பெரும்பொழுது கார், இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். 2019ஆம் ஆண்டில் உலகிலேயே நெரிசல் மிகுந்த நகரம் பெங்களூரு என்று, போக்குவரத்தை அளக்கும் டாம்டாம் நிறுவனம் அறிவித்தது. தொல்காப்பிய இலக்கணம் கையிலிருந்திருந்தால் அவர்களுக்குச் செயற்கைக்கோள் செலவு மிச்சமாகியிருக்கும். இந்த முல்லையில் டிஎன், கேஏ பேதம் அற்றுப்போகிறது என்பது கவனிக்கத்தக்கது. நகராத வண்டி விதியை மீறுவதில்லை.

முல்லையில் தலைவன் தேரேறி வருவான். அகநானூற்றின் 4ஆம் பாட்டில் வரும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அபராதம் இல்லை, கேமரா இல்லை, பொம்மையும் இல்லை. ஆயினும் ஹாரன் அடிக்கவில்லை. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பே ஆளைத் திருத்தும் என்ற கட்டுரையாளரின் கொள்கையை உடைக்கும் ஒரே சான்று இது. மறைப்பது ஆய்வு நேர்மைக்கு அழகல்ல என்பதால் பதிவாகிறது.

அப்படியானால் ரத்தக் கொள்கையில் கொஞ்சம் உண்மை இருக்குமோ? நியூயார்க்கில் ஐ.நா. தூதர்கள் வண்டியை எங்கே நிறுத்தினாலும் அபராதம் கட்டாமல் தப்பலாம் என்றிருந்த காலம். 1997 முதல் 2002 வரை கட்டாத ரசீதுகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. ஃபிஸ்மன், மிகெல் என்ற இரு அறிஞர்கள் அவற்றை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். குவைத் தூதர்கள் முன்னணியில். சுவீடன், நார்வே தூதர்களிடம் கட்டாத ரசீதே இல்லை. டீக்கடைப் பள்ளியினர் இதுவரை படித்துவிட்டு மகிழலாம். மீதியையும் படிக்க வேண்டும்: 2002 இறுதியில், கட்டாதவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்க ஆரம்பித்ததும் மீறல்கள் ஏறத்தாழ 98 சதவீதம் மறைந்துபோயின. பண்பாடு என்பது நம்பர் பிளேட்டைக் கழற்றும் ஸ்குரூ டிரைவர் வரும்வரைதான்.

பெங்களூரில் ஸ்குரூ டிரைவர் தாமதமாக வருகிறது. கேமரா படம் பிடிக்கிறது, குறுஞ்செய்தி வருகிறது, ஓட்டுநர் அதை வங்கி விளம்பரங்களோடு சேர்த்து அழிக்கிறார். 2025 பிப்ரவரியில் 311 மீறல்களும் 1.61 லட்சம் ரூபாய் நிலுவையும் கொண்ட ஒரு ஸ்கூட்டர் பறிமுதலானது. வண்டியை விற்றாலும் கடன் அடையாது. இதற்கு முன்பே, 2023 பிப்ரவரியில், அரசே நிலுவையில் பாதி கட்டினால் போதும் என்றது. அபராதம் கட்ட மக்கள் முண்டியடித்த அரிய காட்சி நிகழ்ந்து, சில நாட்களில் நூறு கோடிக்கு மேல் வசூலானது. பிறகும் இச்சலுகை திரும்பத் திரும்ப வந்தது, 2025 ஆகஸ்டிலும். விளைவு: 500 ரூபாய்க் குற்றத்தின் உண்மை விலை 250 என்று ஊர் கற்றுக்கொண்டது. உடனே கட்டிய நேர்மையாளர் மட்டும் முழு விலை கொடுத்தவர். பெக்காரியாவுக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லிவிட வேண்டாம்.

ஆகவே தீர்ப்பு: டிஎன்னும் கேஏவும் குணத்தில் ஒன்று, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பில் வேறு. டீக்கடைப் பள்ளிகள் இரண்டும் கடையைச் சாத்தலாம். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: எந்த மாநில எண்ணாக இருந்தாலும் உங்கள் வண்டியின் நிலுவையை இன்றே இணையத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். அடுத்த பாதி விலைக்குக் காத்திருப்பவர்கள், அதற்குள் கேமரா உள்ள சந்திப்புகள் பக்கம் போகாமலிருப்பது நலம்.