குதிரை இல்லாத கவ்பாய்க்கு எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவில் லீவர் (நெம்புகோல்) துப்பாக்கி வாங்கப் போகிறவரின் குழப்பம், கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியா கோட்டா என்பது போன்றது. ஒரு பக்கம் 1873 வின்செஸ்டரின் நகல்; வால்நட் கட்டையும் 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்ற விளம்பரப் புகழும் உண்டு. மறுபக்கம் கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, டார்ச் மாட்டச் சட்டம், குழல் நுனியில் சைலன்சருக்கு மரை. முன்னது சரித்திரமாம், பின்னது நவீனமாம். இரண்டுமே வேஷம். அந்த மேற்கத்திய வீரம் இன்று இத்தாலியில் உபெர்ட்டி ஆலையிலும், வின்செஸ்டர் பெயரிலேயே ஜப்பானின் மிரோகு ஆலையிலும் தயாராகிறது. நகலில் .45 கோல்ட் தோட்டா போட்டுச் சுடுகிறார்கள். அசல் 1873 அந்தத் தோட்டாவுக்கு வரவேயில்லை. நவீனமோ இன்னும் வேடிக்கை. நெம்புகோலை இறக்கினால் காலிக் கூடு வெளியே, ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே, மிச்சமெல்லாம் குழலுக்கடியில் வரிசையாக. கொள்ளுத்தாத்தா காலத்து வேலைதான், சட்டை மட்டும் புதுசு.

"அப்படியென்றால் வித்தியாசமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1873 காலிக் கூட்டை உச்சி வழியே துப்பும். அங்கே தொலைநோக்கி மாட்டினால் கூடு அதில்தான் மோதும். பக்கவாட்டில் துப்பும் நவீனத் துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே மான் வேட்டைக்காரர் அதை வாங்கட்டும். நிலைக்கண்ணாடி முன் நிற்கிறவர் இத்தாலிக்காரனை வாங்கட்டும். ஒன்று மட்டும்: இந்த 'நவீன' வசதியை மார்லின் கம்பெனி 1889-லேயே கொடுத்துவிட்டது.