ஐம்பத்தோராவது மீட்டர்

இந்த நாட்டில் நாக்கைத் தவிர வேறு யாரும் குற்றவாளி இல்லை. பிள்ளைக்கு உடம்பு பருத்தால் நாக்கு. முப்பது வயதில் சர்க்கரை வந்தால் நாக்கு. தொலைக்காட்சியில் ஒரு மருத்துவர் வந்து, 'நாக்கை அடக்கத் தெரியாத ஜனங்க' என்று நம்மைத் திட்டுவார். உடனே விளம்பர இடைவேளை வரும். அதில் ஒரு சிறுமி சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து, சொர்க்கத்தைக் கண்டதுபோல் கண்ணை மூடுவாள்.

சட்டம் தூங்குகிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும், அதிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி போட்டது. ஐம்பத்தோராவது மீட்டரில் அதே கொழுப்பு யோக்கியமாகிவிடும் போலும்! அந்த ஐம்பதையாவது யார் அளந்தார்கள்? மாலை நாலு மணிக்கு ஏதாவது ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். பெரியவர்கள் தலையில் இடிக்கும் உயரத்தில் அல்ல, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில். அதைக் கச்சிதமாக அளந்திருக்கிறார்கள்.

அடுத்து எண்ணெய். பொரித்துப் பொரித்துக் கெட்ட எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. சிக்கன் பக்கோடா வண்டியில் மாஸ்டர் என்ன செய்கிறார்? சட்டியில் எண்ணெய் கறுத்து நுரைத்தால், மேலே ஒரு பாக்கெட் புது எண்ணெயை ஊற்றுகிறார். முடிந்தது பரிசோதனை. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் புழங்கும் கடைதான் எண்ணெய்க்குக் கணக்கு எழுத வேண்டும். வண்டிக்காரருக்கு அந்தத் தொல்லை கிடையாது. பெரிய கடையில் பொரித்துக் கழித்த எண்ணெய் சின்னக் கடைக்குப் போய்விடக் கூடாது என்றுதான் அதை பயோடீசலாக்கும் திட்டமே வந்தது. டீசலாக வேண்டியது இன்னும் எத்தனை வயிற்றில் எரிகிறதோ!

யாராவது செத்தால்தான் அரசுக்கு மூக்கு வேர்க்கும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். உடனே ஊர் ஊராக ரெய்டு, கையுறை, கேமரா, கெட்ட இறைச்சி மேல் பினாயில். முந்தின வாரம் வரை அந்த இறைச்சி நாறவில்லையா? 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை. நல்லது. தடை போட்ட கை, கடைக்குள் எத்தனை முறை போய்ப் பார்த்தது?

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். பிள்ளைகளை மயக்கும் கார்ட்டூன் படங்களையும் அதிலிருந்து கழற்றிவிட்டார்கள். நம் ஆணையம் 2022-இல் முன்வைத்தது என்ன தெரியுமா? எச்சரிக்கை அல்ல, நட்சத்திரம்! அரையிலிருந்து ஐந்து வரை. ஆக, எவ்வளவு கேடுகெட்ட பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உறுதி. நம் பிள்ளை பரீட்சையில் முட்டை வாங்கலாம். அவன் தின்னும் பாக்கெட் வாங்கக் கூடாது.

ராத்திரி பத்தரைக்கு ஷிஃப்ட் முடிந்து, தள்ளுவண்டியில் ஒரு எக் ஃப்ரைடு ரைஸ் வாங்கி நின்றபடியே தின்கிறவரிடம் போய்ச் சிறுதானியத்தின் மகிமையைப் பேசாதீர்கள். அந்த நேரத்தில் அந்தக் காசுக்குச் சூடாகக் கிடைப்பது அது ஒன்றுதான். சட்டியில் இருப்பது எத்தனை நாள் எண்ணெய் என்று அளப்பது அவர் வேலை அல்ல. அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்கள் எண்ணெயை அளக்கட்டும். அதுவரை யாரும் எங்களிடம் ஒழுக்கக் கதை அளக்க வேண்டாம்.