நித்தியகல்யாணியா, சவம்நாறியா?

கேள்வி: செடிகளுக்கு அழகான தமிழ்ப் பெயர்கள் இருக்கும்போது வாயில் நுழையாத லத்தீன் பெயர் எதற்கு?

பதில்: அழகு, கேட்கிற ஊரைப் பொறுத்தது. வேலியோரம் இளஞ்சிவப்பாகப் பூக்கும் நித்தியகல்யாணிக்குத் தமிழில் என்றென்றும் மணக்கோலம். பாலக்காட்டைத் தாண்டினால் அதே செடி 'சவம்நாறி'! கல்யாண வீட்டிலிருந்து இழவு வீட்டுக்கு ஒரே எட்டு. (நம் பக்கமும் 'சுடுகாட்டுப் பூ' என்பவர்கள் உண்டு. மலையாளிகளை மட்டும் குறை சொல்வானேன்?) இந்தியில் சதாபகார், மராத்தியில் சதாஃபுலி. இத்தனை பெயர் வாங்கிய செடிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர்.

ஆனால் 'கேதராந்தஸ் ரோசியஸ்' என்று லத்தீன் பெயரைச் சொன்னால் சென்னையிலும் சிகாகோவிலும் ஒரே செடிதான்.

அதற்காக லத்தீன் பெயரைக் கல்வெட்டு என்று நம்பிவிட வேண்டாம். 1759இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இச்செடிக்கு வைத்த பெயர் 'வின்கா ரோசியா'. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் டான் அதைக் 'கேதராந்தஸ்' என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார். தாவரவியலாளர்கள் மெல்ல ஏற்றுக்கொண்டார்கள், மருந்துக்காரர்கள் கேட்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த புற்றுநோய் மருந்துகளுக்கு வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று பழைய பெயரை ஒட்டியே பெயரிட்டார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படுவது, சவம்நாறியிலிருந்து வந்த அந்த வின்கிரிஸ்டின்தான்.